மலையில் ஒரு மார்கழி இரவு

(இளைஞர் முகாம் குறித்துப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜமாஅத் பெரியவர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிற தம்பிமார்களே,

அரையாண்டு விடுமுறை நெருங்கிவிட்டது. இந்தத் தம்பிமார்கள் ஒரு மாதமாக என்னைத் தெருவில் பார்த்தாலே கேட்பது ஒன்றுதான்: "மாமா, இந்த வருஷமும் பச்சைமலை உண்டா?" உண்டா இல்லையா என்பதைப் பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் போன வருஷம் அங்கே என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நிர்வாகிகளிடம் இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினேன். பதினெட்டுப் பிள்ளைகளோடு போனோம், பதினெட்டுப் பேரும் சுகமாகத் திரும்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் என் பக்கம் சில தவறுகள் இருக்கின்றன.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் வளாகத்தில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைரவிழா ஜாம்போரி நடந்தது. நாடு முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நம் மாவட்டத்துக்கு வந்து கூடாரம் போட்டுத் தங்கினார்கள். நம் தெருப் பையன்கள் சிலர் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். எங்கோ வடக்கிலிருந்து வந்த பிள்ளை மணப்பாறையில் கூடாரம் அடித்துத் தூங்குகிறான், நாங்கள் ஒரு ராத்திரிகூட வீட்டுக்கு வெளியே தூங்கியதில்லையே என்றான் ஒருவன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பச்சைமலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கிட்டத்தில் இருப்பதுதான். காவிரிப் பாலம், ஸ்ரீரங்கம் தீவு, கொள்ளிடம் பாலம், நம்பர் ஒன் டோல்கேட், மண்ணச்சநல்லூர், துறையூர், சோபனபுரம், அப்புறம் மலைப்பாதை. காலையில் புறப்பட்டால் லுஹருக்கு மேலே இருக்கலாம். ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசித் திருவிழா. சொர்க்கவாசல் திறக்கும் நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் அந்தப் பக்கம் கூட்டமும் போக்குவரத்து மாற்றமுமாக இருக்கும். லட்சக்கணக்கானவர்கள் வரும் விழா. அவர்களுக்கும் இடைஞ்சல் இல்லாமல் நமக்கும் இடைஞ்சல் இல்லாமல், அந்த நாட்களை விட்டுத் தேதி குறிக்க வேண்டும். மழையையும் பார்க்க வேண்டும். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுதாக விட்டிருக்காது. புறப்படும் முன் வானிலை அறிக்கையில் கனமழை என்று இருந்தால் தள்ளிப்போடத்தான் வேண்டும்; வேனுக்கு முன்பணம் கொடுத்தாயிற்றே என்று பார்க்கக் கூடாது.

மேலே வசிப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்கிறவர்கள், தமிழ்தான் பேசுகிறார்கள். மரவள்ளி பயிரிடுகிறார்கள். அப்படி ஒரு விவசாயியின் வீட்டை ஒட்டிய கொல்லையில், அவர் சம்மதத்தோடு, வனத்துறைக்கும் சொல்லிவிட்டுத்தான் கூடாரம் போட்டோம். காட்டுக்குள் நுழையவில்லை. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் என்ன நடந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. அனுமதி கேட்பதை வெறும் அலைச்சல் என்று நினைக்கிற தம்பிகளுக்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது குளிருக்கு வருகிறேன். திருச்சிப் பிள்ளைக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியாது. நமக்கு டிசம்பர் ராத்திரி என்றால் மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்து வைப்போம், அவ்வளவுதான். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும். அதோடு மார்கழிப் பனியும் காற்றும் சேர்ந்தால் நம் பிள்ளைகளுக்கு அது பெரிய குளிர். ஊட்டிக்காரர் கேட்டால் சிரிப்பார், சிரிக்கட்டும்.

நான் ஒரு பட்டியல் தயாரித்துக் கொடுத்தேன். ஸ்வெட்டர், கம்பளிப் போர்வை, ஷூ, டார்ச், குல்லா, இன்னும் என்னென்னவோ. இணையத்தில் பார்த்து எழுதியது. ரொம்பப் பொறுப்பாக எழுதியதாக நினைத்துக்கொண்டேன். இருபத்தேழு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பட்டியல் கொடுத்த மறுநாளிலிருந்து ஒவ்வொருவராகக் கழன்றார்கள். "கடையில வேலை இருக்கு மாமா", "ஊர்ல கல்யாணம் மாமா". நான் நம்பினேன். பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று நிர்வாகிகளிடம் குறையும் சொன்னேன்.

முதல் ராத்திரி இரண்டரை மணி இருக்கும். எழுந்து வெளியே வந்தால், அணைத்துவிட்ட அடுப்புப் பக்கத்தில் ஒரு பையன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒன்பதாவது படிக்கிறவன். உடம்பில் அரைக்கைச் சட்டை, மேலே ஒரு மெல்லிய பருத்தித் துண்டு. பல் அடித்துக்கொள்கிறது. "ஏண்டா, போர்வை எங்கே?" என்றேன். "கூடாரத்துக்குள்ள புழுக்கமா இருந்துச்சு மாமா, அதான் வெளிய வந்தேன்" என்றான். அந்தக் குளிரில் புழுக்கமாம். அவனை உள்ளே கூட்டிப்போய் என் போர்வைக்குள் விட்டேன். கை கால் சூடாவதற்கு நெடுநேரம் ஆனது. காலையில் அவன் பையைப் பார்த்தேன். போர்வை இல்லை. பை பெரிதாகத் தெரிவதற்காகப் பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தான்.

அவன் வீட்டில் இருப்பது இரண்டு போர்வை, ஆள் ஐந்து பேர். அவன் அம்மாவிடம், "அங்கேயே எல்லாம் தருவாங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அவனாவது வந்துவிட்டான். கடையில் வேலை என்றும் ஊரில் கல்யாணம் என்றும் சொன்ன மற்ற ஒன்பது பேரை நான் என் பட்டியலால் வீட்டிலேயே நிறுத்திவைத்தேன். அறக்கட்டளை எதற்காக இருக்கிறதோ அந்தப் பிள்ளைகளைத்தான் நிறுத்தியிருக்கிறேன்.

அதனால் இந்த வருஷம் பட்டியல் கிடையாது. இரண்டு செட் மாற்றுத் துணி, ஒரு முழுக்கைச் சட்டை, அன்றாடம் போடுகிற செருப்பு, மருந்து சாப்பிடுகிறவனானால் மருந்து, இவ்வளவுதான் வீட்டிலிருந்து வர வேண்டியது. போர்வை, விரிப்பு, காதை மூடும் குல்லா, டார்ச் எல்லாம் அறக்கட்டளை முப்பது செட் வாங்கி வைத்திருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் அதேதான். "என் மகனிடம் நல்ல கம்பளி இருக்கிறதே, அதையே கொடுத்தனுப்புகிறேனே" என்று ஒரு தாயார் கேட்டார்கள். வேண்டாம் அம்மா. எல்லார் தோளிலும் ஒரே சாம்பல் நிறப் போர்வைதான் இருக்க வேண்டும்.

குளிரைப் பற்றி அந்த ராத்திரி கற்றுக்கொண்ட இன்னொரு சங்கதி. மேலே இரண்டு போர்வை போர்த்துவதைவிடக் கீழே ஒன்று விரிப்பதுதான் முக்கியம். உடம்புச் சூட்டைக் காற்றைவிட அதிகமாகத் தரைதான் உறிஞ்சுகிறது. மறுநாள் அந்த விவசாயியே இரண்டு கட்டு வைக்கோல் கொண்டுவந்து போட்டார். அதன்மேல் தார்ப்பாய், அதன்மேல் பாய். பிள்ளைகள் சுபுஹுக்கு எழுப்பினால் எழாத அளவுக்குத் தூங்கினார்கள். பகலில் ஓடி வியர்த்த சட்டையோடு படுக்கவிடக் கூடாது. ஈரத்துணி குளிரை இழுக்கும். மஃரிபுக்கு முன்பே மாற்ற வைத்துவிட வேண்டும்.

நெருப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மதீனாவில் ஒரு வீடு இரவில் தீப்பற்றியபோது, தூங்கப் போகும்போது நெருப்பை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. முகாமில் இதை எப்படிச் செய்தோம் என்றால், தரையில் நெருப்பு மூட்டவே இல்லை. பாதியாக வெட்டிய இரும்பு டிரம்மில்தான் மூட்டினோம். சுற்றிலும் சருகை வாரிவிட்டுப் பத்தடிக்கு வெறும் மண்ணாக்கினோம். விறகைத் துறையூரிலேயே விலைக்கு வாங்கி ஏற்றிக்கொண்டோம். காட்டில் ஒரு சுள்ளி பொறுக்கவில்லை. பத்து மணிக்குத் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்து, சுடவில்லை என்று ஆன பிறகுதான் படுத்தோம்.

குளிருகிறதே என்று கரி நெருப்பைக் கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ கொண்டுபோவது, அதுதான் கொல்லும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் அப்படி அறைக்குள் கரியடுப்பை வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் காலையில் எழவில்லை. கரி கனியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. மூச்சு முட்டி எழுப்பவும் செய்யாது. இதை முகாமுக்கு வராத பிள்ளைகளும், நண்பர்களோடு கொடைக்கானல் போகப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிற அண்ணன்மாரும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாள் மாலை நெருப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். தலையை எண்ணினேன். பதினெட்டு. சரி என்று கதை சொல்ல ஆரம்பித்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், அதில் ஒரு தலை நம்முடையது இல்லை. மலையூர்ப் பையன் ஒருவன் வேடிக்கை பார்க்க வந்து போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறான். அப்படியானால் நம்மில் ஒருவன் எங்கே? டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினோம். செல்போனுக்கு சிக்னல் தேடி மேட்டுப் பாறையில் ஏறி நின்றுகொண்டிருந்தான் அந்தத் துரை. அந்தப் பாறைக்கு மறுபக்கம் பள்ளம். எனக்கு அந்தக் கால் மணி நேரத்தை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அன்றிலிருந்து தலை எண்ணுவது இல்லை. ஒவ்வொருவனுக்கும் ஓர் எண். அவனவன் தன் எண்ணைக் குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும். இருவர் இருவராக ஜோடி; கழிப்பறைக்குப் போனாலும் ஜோடியாகத்தான். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். மூன்று பேர் பயணம் போனாலும் ஒருவரை அமீராக்கிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கூடாரத்துக்கு ஒரு பையனை அமீராக வைத்தோம். செல்போன்களை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவோம். ராத்திரி எட்டு மணிக்கு நான் பெற்றோரில் ஒருவருக்குப் பேசுவேன், அவர் மற்றவர்களுக்குத் தகவல் சொல்வார். எட்டேகாலுக்குத் தகவல் வரவில்லையென்றால் பதற வேண்டாம், சிக்னல் அப்படித்தான்.

தொழுகை பற்றி இமாம் அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். தூரம் கஸ்ருக்குக் காணுமா காணாதா என்பது மத்ஹபுக்கு மத்ஹப் மாறுகிற கணக்கு. மலையில் நின்றுகொண்டு பையன்கள் தர்க்கம் செய்யாமல் இருக்க, கிளம்பும் முன்பே ஒரே முடிவு. குளிருகிறது என்பதற்காக மட்டும் தயம்மும் செய்யலாமா என்று கேட்ட தம்பிக்கு இமாம் சிரித்துக்கொண்டே, "வெந்நீர் வைக்க விறகு இருக்கிறதல்லவா?" என்றார். நாலரைக்கு எழுந்து தேக்சாவில் தண்ணீர் சுடவைத்தோம். வெந்நீர் ஒளூ, பனிக்குள் ஜமாஅத், தொழுது முடித்ததும் நோன்புக் கஞ்சி. ரமலான் இல்லாத மாதத்தில் நோன்புக் கஞ்சியா என்று முகம் சுளித்தவன் மூன்று கோப்பை குடித்தான்.

அம்மாமார்கள் சில பேர் கேட்ட கேள்வி, பெண் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லையா என்பது. நியாயமான கேள்வி. இரவுத் தங்கலுக்கு இன்னும் ஏற்பாடு இல்லை. ஜனவரியில் ஒரு நாள், காலையில் ஸ்ரீரங்கம் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, மதியம் முக்கொம்பு. நடத்தப் போகிறவர்கள் தாய்மார்களேதான். முக்கொம்பில் ஆற்றுக்குள் இறங்கக் கூடாது என்பதை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

படிவம் வாசலில் இருக்கிறது. அதில் மூச்சிரைப்பு, வலிப்பு, தூக்கத்தில் நடப்பது, படுக்கையை நனைப்பது என்று ஒரு பகுதி உண்டு. அதைப் பிள்ளைகள் முன்னால் நிரப்ப வேண்டாம். நிரப்பி மடித்து என் கையில் கொடுங்கள், நான் மட்டும் பார்ப்பேன். கட்டணம் என்ற இடத்தில் தொகை போடவில்லை. முடிந்ததை உறையில் வைத்து ஒட்டிக் கொடுங்கள். வெறும் உறை என்றாலும் ஒட்டித்தான் கொடுக்க வேண்டும், எல்லா உறையும் ஒரே மாதிரி இருக்கட்டும். போன வருஷம் கழன்றுகொண்ட ஒன்பது பேரின் வீட்டுக்கும் நானே நேரில் வருகிறேன்.

செய்தித்தாள் அடைத்த பையோடு வந்த பையன் இப்போது பத்தாவது. பொதுத்தேர்வு இருக்கிறதே, வேண்டாமடா என்றேன். இரண்டு நாள்தானே மாமா என்கிறான். அவன் வீட்டாரும் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் முடிவு. போர்வைகளை எண்ணி வாங்கி, எண்ணித் திரும்ப வைக்கிற பொறுப்பை மட்டும் இப்போதே எடுத்துக்கொண்டுவிட்டான். முப்பதையும் வெயிலில் உலர்த்தியும் வைத்துவிட்டான்.