பதினான்கு நாள் பத்தியம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பாய்லர் பராமரிப்பு பற்றிப் பேசும்படிதான் செயலாளர் அண்ணன் சொல்லியிருந்தார். ஆனால் நேற்று மாலையிலிருந்து என்னைப் பார்த்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "டேய் ரோடு ரோலர், எப்படிடா இப்படி ஆனே?" அதனால் பாய்லரை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, இதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

2022-இல் எனக்கு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது என் எடை 131 கிலோ, உயரம் 172 சென்டிமீட்டர், பி.எம்.ஐ. 44. கூடவே சர்க்கரை நோய், தூக்கத்தில் மூச்சுத் திணறல். இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை நீக்கி, மிச்சத்தைக் குழாய்போல ஆக்கும் 'ஸ்லீவ்' முறையை மருத்துவர் பரிந்துரைத்தார். ஆபரேஷனைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முந்தின 14 நாட்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் சொல்ல வந்தது அதைத்தான்.

அந்த 14 நாளும் தினசரி 800 கலோரி. புரோட்டீன் பவுடர் கரைத்த பால், மோர், முட்டை வெள்ளைக்கரு, காய்கறி சூப், வெள்ளரிக்காய். சோறு, இட்லி, சர்க்கரை கிடையாது. "வயிற்றைத்தான் வெட்டப் போறீங்களே, அப்புறம் எதுக்கு டாக்டர் பட்டினி?" என்று கேட்டேன்.

அவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கல்லீரலின் இடது பக்கம் இரைப்பையின் மேல் மூடிக் கிடக்கிறது. சிறு துளைகள் வழியே செய்யும் ஆபரேஷனில், அதைத் தூக்கிப் பிடித்தால்தான் இரைப்பை கண்ணுக்குத் தெரியும். பருமனானவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து பெருத்துப் போயிருக்கும். தூக்குவதும் கஷ்டம், தூக்கும்போது கிழிந்து ரத்தம் கசியவும் கூடும். சில சமயம் வயிற்றைத் திறந்து செய்ய நேரும், இல்லையென்றால் ஆபரேஷனையே நிறுத்த வேண்டி வரும்.

மாவுச்சத்தைக் குறைத்தால் கல்லீரல் தன் கையிருப்பான கிளைக்கோஜனைச் செலவழிக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் வெளியேறும். பிறகு கொழுப்பும் குறையும். 2006-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், 32 பேரை 12 வாரம் இப்படிப்பட்ட உணவில் வைத்து அளந்து பார்த்தார்கள். கல்லீரல் சுருங்கியதில் 80 சதவீதம் முதல் இரண்டு வாரத்திலேயே நடந்திருந்தது. நடுவில் ஒருநாள் விருந்து சாப்பிட்டால், காலியான கிளைக்கோஜன் மறுபடி நிரம்பத் தொடங்கிவிடும்.

நம் தொழிலில் ஷட்டவுன் என்று சொல்வோமே, அதேதான். பாய்லரை ஆறவைத்து, தண்ணீரை வடித்த பிறகுதான் ஆளை உள்ளே இறக்குவோம். அந்த முன்வேலையைத் தண்டனை என்று யாராவது நினைப்போமா?

காரணம் புரிந்தது. கடைப்பிடிப்பது வேறு விஷயம். முதல் மூன்று நாள் தலைவலி, எரிச்சல். நாலாம் நாளிலிருந்து பசி மட்டுப்பட்டது. 14 நாளுக்கான பவுடரையும் முன்கூட்டியே தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்தேன். ஐந்து வேளைக்கும் நேரம் குறித்து, ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டி, முடிக்க முடிக்க டிக் அடித்தேன். "இதைச் சாப்பிடலாமா, வேண்டாமா" என்று யோசிக்கவே இடம் வைக்கவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் விடக் கைகொடுத்தது ஒரு வார்த்தை. 'டயட்' என்று சொன்னவரை, "ஒரு வாய் சாப்பிட்டா என்னடா ஆயிடும்?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ஒன்பதாம் நாள் தங்கை முறைப் பெண்ணுக்கு வளைகாப்பு. ஐந்து வகை சாதம். அத்தை புளியோதரைக் கரண்டியோடு வந்து நின்றார். "பத்தியம் அத்தை, ஆபரேஷனுக்கு" என்றேன். கரண்டி அப்படியே நின்றது. "அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்ததோடு, வேறு யாரும் என்னை வற்புறுத்தாமல் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்தார். டயட் என்றால் அது அவனவன் பிடிவாதம். பத்தியம் என்றால் வீடே சேர்ந்து காப்பது. மஞ்சள் காமாலைக்காரனுக்கு யாராவது வடை ஊட்டுவார்களா?

14 நாளில் ஐந்தரை கிலோ குறைந்தது. கல்லீரலைத் தூக்குவதில் சிரமமே இல்லை என்று மருத்துவர் பிறகு சொன்னார். இரண்டு வருடத்தில் எடை 96-க்கு வந்தது. இது மாயமந்திரம் இல்லை. சிறு சிறு வேளைச் சாப்பாடு, வைட்டமின் மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஆயுள் முழுக்க உண்டு.

ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு யாரும் நாளைக்கே 800 கலோரியில் இறங்கிவிடாதீர்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அளவை மாற்றாவிட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். மருத்துவர் மேற்பார்வை அவசியம்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் விடுதியிலும் ஒரு 'ரோடு ரோலர்' இருப்பான். நானும் சிரித்தபடிதான் அந்தப் பெயரைச் சுமந்தேன். அவன் என்றாவது மெஸ்ஸில் "எனக்கு வேண்டாம்" என்று தட்டை நகர்த்தினால், கேலி செய்யாதீர்கள், வற்புறுத்தாதீர்கள். ஒரு டம்ளர் மோரை எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அது போதும்.