பெயர்ப் பட்டியலில் ஓர் இடம்



ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியை ஒட்டி ஜிப்ரால்டர் என்னும் சிற்றூர் உள்ளது. பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட அதன் பரப்பளவு ஏறத்தாழ 1,700 ஏக்கர் மட்டுமே. நம் நாட்டில் அதனினும் பெரிய தோட்டங்கள் உண்டு. அவ்வூரார் வாக்குரிமை பெற்ற வரலாற்றையே இன்று கூற விரும்புகிறேன்.

1973-ஆம் ஆண்டு பிரிட்டன் ஐரோப்பிய சமூகத்தில் சேர்ந்தபோது ஜிப்ரால்டரும் உடன் சேர்ந்தது. 1979 முதல் ஐரோப்பிய நாடாளுமன்றத்திற்கு மக்கள் நேரடியாக வாக்களித்தனர். ஆனால் ஜிப்ரால்டர் மக்களுக்கு வாக்கில்லை. அம்மன்றம் பங்கேற்று இயற்றிய சட்டங்கள் மட்டும் அவர்களையும் கட்டுப்படுத்தின.

1994-இல் அவ்வூர்ப் பெண்மணி ஒருவர் தம் பெயரை வாக்காளராகப் பதியுமாறு விண்ணப்பித்தார். அது மறுக்கப்பட்டது. அவர் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினார். 1999 பிப்ரவரி 18-இல் தீர்ப்பு அவர் பக்கம் கிடைத்தது.

தனித்தொகுதி அமைக்க அவ்வூரில் போதிய மக்கள் இல்லை. ஆகவே 2003-இல் பிரிட்டன் சட்டமியற்றி, கடலுக்கு அப்பாலுள்ள தென்மேற்கு இங்கிலாந்துத் தொகுதியுடன் அதனை இணைத்தது. கார்ன்வால், டெவன், டார்செட், சாமர்செட் முதலிய மாவட்டங்கள் அடங்கிய தொகுதி அது. ஸ்பெயின் வழக்குத் தொடுத்தது. 2006-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது.

அத்தொகுதிக்கு 2004-இல் 7 உறுப்பினர்கள். 2009 முதல் 6 பேர். மக்கள் கட்சிப் பட்டியலுக்கே வாக்களித்தனர். இடங்கள் பங்கிடப்பட்ட முறையைக் கேளுங்கள். ஒரு கட்சிக்கு 600 வாக்கும் மற்றொன்றுக்கு 400 வாக்கும் கிடைத்ததாகக் கொள்வோம். முதல் இடம் 600 பெற்ற கட்சிக்கு. உடனே அதன் வாக்கு இரண்டால் வகுக்கப்பட்டு 300 ஆகும். இப்போது 400-ஏ பெரிது; இரண்டாம் இடம் அடுத்த கட்சிக்கு. இவ்வாறு சிறிய கட்சிக்கும் பங்கு கிட்டியது.

2004, 2009, 2014, 2019 என நான்கு தேர்தல்களில் ஜிப்ரால்டர் மக்கள் வாக்களித்தனர். 2020 ஜனவரி 31-இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதும் அத்தொகுதி மறைந்தது. ஆயினும், ஒருவர் துணிந்து கேட்டதால் ஊர் முழுவதும் உரிமை பெற்றது என்னும் உண்மை மறையாது.

பெருமக்களே! அப்பெண்மணி தம் பெயரைச் சேர்ப்பதற்கு ஐந்தாண்டுக் காலம் வழக்காடினார். நமக்கோ, 2021 டிசம்பர் முதல் 18 வயது நிரம்பியவுடன் பெயர் தானாகவே பதிவாகிறது. எனினும், தோட்டம் மாறிச் சென்றோர் தம் முகவரியும் மாறியுள்ளதா என்று பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். எளிதில் கிடைத்ததென எண்ணி அவ்வுரிமையை அலட்சியம் செய்யாதீர்கள்.