சோர்வுக்குச் சத்து மாத்திரையா?



ஐதராபாத்தில் தார்நாகா என்று ஒரு பகுதி. அங்கே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 1918-இல் குன்னூரில் தொடங்கியது. 1958-இல் ஐதராபாத்துக்குப் போனது. எந்த உணவில் என்ன சத்து என்று ஆராய்ந்து சொல்கிறது.

சிலருக்கு மாதக்கணக்கில் சோர்வு. தூங்கி எழுந்தாலும் தீராது. கடையில் கேட்டால், "ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிடுங்கள்" என்பார்கள். விலையும் அதிகம். அது என்ன?

உடல் சோற்றை எரித்துச் சக்தி எடுக்கிறது. அடுப்பு எரிந்தால் புகை வரும் அல்லவா? அதுபோல உடலிலும் சில கெட்ட பொருள்கள் உண்டாகும். அவற்றை அடக்கும் சத்து நெல்லிக்காயில் உண்டு, முருங்கைக்கீரையில் உண்டு, கேரட்டில் உண்டு.

அதையே மாத்திரையாகத் தின்றால்? பின்லாந்து நாட்டில் சோதித்தார்கள். சிகரெட் பிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். கேரட்டில் உள்ள சத்தை மாத்திரையாகப் பலருக்குக் கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. மாத்திரை தின்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியது! கேரட் மேல் குற்றம் இல்லை.

சரி, சோர்வு உள்ளவர்களுக்கு? இந்த மாத்திரையால் சோர்வு தீரும் என்று யாரும் உறுதியாகக் காட்டவில்லை.

சோர்வுக்குக் காரணம் பல. சர்க்கரை நோய், தைராய்டு, காசநோய். பெண்களுக்குப் பெரும்பாலும் இரத்தசோகை. 2019-21 கணக்கெடுப்பில் 100 பெண்களில் 57 பேருக்கு அது இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்ப்பார்கள். இரும்புச்சத்து மாத்திரையும் தருவார்கள்.

அதைத் தின்றதும் டீ குடிக்கக் கூடாது. டீ இரும்பை உடலில் சேரவிடாது. நெல்லிக்காய் சேரவைக்கும்.