தணிகை மலையும் ஒரு மாடியறையும்



மலையைப் பாட மலையடியில் குடியிருத்தல் வேண்டுமா என்பது பழைய வினா. திருத்தணிப் புலவர்க்கோ அது அன்றாட வினா. நாள்தோறும் காவடிகளைக் கண்டு பழகிய கண்ணுக்கு மலை மலையாகத் தெரிவதில்லை. ஆடிக் கிருத்திகைதோறும் எழுதப்பெறும் பாடல்களில் வேல் இருக்கும், மயில் இருக்கும். இம்மலையின் பாறை இராது, அடிவாரத்து நந்தியாறு இராது. ஊர்ப்பெயரை மாற்றினால் பழனிக்கும் பொருந்தும். கடற்கரைச் செந்தூருக்கும் பொருந்தும்!

படைப்பாளர்க்கு ஒரு வீட்டில் இடமளித்து, நிலத்தோடு அவரைத் தனித்திருக்க விடும் வழக்கம் மேனாடுகளில் உண்டு. ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகருக்கு அருகே, எஸ்க் ஆற்றுப் பள்ளத்தாக்கின்மேல் ஹாதார்ன்டன் கோட்டை நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞர் வில்லியம் டிரம்மண்டின் இல்லம் அது. பிற்காலத்தில் அங்கே எழுத்தாளர்களைத் தங்கவைக்கும் ஏற்பாடு அமைந்தது. பகலெல்லாம் பேசாமை, நண்பகல் உணவு கூடையில் அறை வாயிலுக்கு வந்துவிடும். என்ன எழுதினீர் என்று கேட்பார் இல்லை.

தமிழ்நாட்டில் இப்பணியைத் திருமடங்கள் செய்தன. திருத்தணியிற் பிறந்த கச்சியப்ப முனிவர் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்து சிவஞான முனிவரிடம் கற்றார். கந்தபுராணம் செய்த கச்சியப்ப சிவாசாரியார் வேறு. இவ்விருவரையும் மயங்குவோர் இன்றும் உளர். முனிவர் இயற்றிய தணிகைப் புராணத்தின் களவுப் படலத்தில் அகத்துறைகள் தலபுராணத்திற்குள் வந்து அமர்கின்றன. தலபுராணச் சட்டகத்திற்குள் குறிஞ்சித்திணையை உயிரோடு கொண்டுவந்தவர், இம்மலையை விட்டுப் பிரிந்து காவிரி நாட்டு மடத்தைச் சார்ந்த ஒருவர் என்பது எண்ணத்தக்கது.

வள்ளல்களின் இல்லங்களும் உண்டு. சென்னைக்கு அருகில் மணலியில் முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தோடு வாழ்ந்தார். அவர் மைந்தர் முத்துசுவாமி தீட்சிதர், சிதம்பரநாத யோகியுடன் காசிக்குச் சென்று திரும்பியபின், மணலியிலிருந்து தணிகைக்கு வந்தார். முதியவர் ஒருவர் அவர் வாயில் கற்கண்டு இட்டார் என்பது வழிவழிச் செய்தி. அங்கே பிறந்ததாகப் போற்றப்படும் முதற் கீர்த்தனை மாயாமாளவகௌளையில் அமைந்தது. தொடர்ந்து எட்டு வேற்றுமைகளுக்கும் ஒவ்வொன்றாகப் பாடல்கள். மொழி வடமொழியாயினும், தமிழிலக்கணம் பயின்றோர்க்கு அவ்வமைப்புச் சுவை தரும்: எழுவாய் முதல் விளி வரை, ஒரே பொருளை எட்டு உறவுகளில் வைத்துப் பார்த்தல். மலையைச் சுற்றிவருவதுபோல!

மணலியில் இருந்தவர் மலைக்கு வந்தார். மலை தன்னிடம் வந்த ஒருவர் இராமலிங்க அடிகளார்.

1823-இல் மருதூரிற் பிறந்த அடிகளார், கைக்குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்து, குடும்பத்தோடு சென்னைக்கு வந்தார். ஏழுகிணறு பகுதியில், வீராசாமிப் பிள்ளைத் தெருவில் இருந்த அவ்வீடு வள்ளலின் மாளிகை அன்று; புராணச் சொற்பொழிவால் குடும்பம் காத்த தமையனார் சபாபதிப் பிள்ளையின் இல்லம். தம்பி படிக்கவில்லை, கந்தகோட்டமே கதியெனக் கிடந்தார். சினந்த தமையனார் அவருக்குச் சோறிடலாகாது என்றார். அண்ணியார் பாப்பாத்தி அம்மாள் கணவர் அறியாமல் உணவளித்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஹாதார்ன்டன் கோட்டையின் உணவுக்கூடைக்கும் இக்கைப்பிடிச் சோற்றுக்கும் நெடுந்தொலைவு. எனினும் இரண்டும் கேள்வி கேட்காமல் வந்தவை. அண்ணியாரின் சோற்றில் அச்சமும் கலந்திருந்தது.

படிப்பதாக ஒப்புக்கொண்டதும் சிறுவருக்கு மாடியறை கிடைத்தது. அவர் உள்ளே கொண்டு சென்றவை கண்ணாடியும் விளக்கும் பூசைப்பொருள்களும். சுவரில் கண்ணாடியை மாட்டி, அதன்முன் அமர்ந்து நோக்கினார். கண்ணாடியில் தணிகை முருகன் தோன்றினான் என்பது வரலாறு. அப்போது அவருக்கு அகவை ஒன்பது.

சென்னைக்கும் தணிகைக்கும் இடையே எண்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. ஏழுகிணற்றின் நெருக்கமான தெருவில் சாளரத்தைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிந்திருக்கும். அச்சாளரத்தைத் தேடாமல் சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டினார் அச்சிறுவர். இதனை அருட்செயல் என்போர் அவ்வாறே கொள்ளலாம். பாப்புனைவோர் இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு: கண்ணாடி முன் அமர்ந்தவர் முதலிற் காண்பது தம் முகத்தை. அம்முகம் மறையும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. கிருத்திகைப் பாடல்களில் பாறை இல்லாமற்போவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். புலவர் முகம் இன்னும் மறையவில்லை.

தமையனார் நோயுற்ற ஒருநாள், சோமு செட்டியார் இல்லத்துச் சொற்பொழிவிற்குத் தம்பி சென்று பெரியபுராணம் உரைத்தபோதுதான் அம்மாடியறையில் நிகழ்ந்தது வீட்டாருக்கு விளங்கிற்று. அதுவரை எவரும் கதவைத் தட்டிக் கணக்குக் கேளாதிருந்தனரே, அதுவே அவ்வீடு செய்த பேருதவி. 1858-இல் அடிகளார் சென்னையை விட்டு நீங்கினார். தணிகைப் பதிகங்கள் ஐந்தாம் திருமுறையாக அச்சேறியது 1880-இல்தான். அடிகளார் மறைந்து ஆறாண்டு கழிந்திருந்தது.

தணிகை 1960 ஏப்ரல் 1-இல் ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு ம.பொ.சி. தலைமையில் நடந்த வடக்கெல்லைப் போராட்டத்தை இவ்வவைக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. தொல்காப்பியப் பாயிரம் வட எல்லையாகச் சொன்ன வேங்கடம் எல்லைக்கு அப்பாலேயே நின்றுவிட்டது. எல்லையை மீட்டவர்களுக்கு நன்றி சொல்லும் விழாக்கள் குறைவின்றி நடக்கின்றன. ஆயினும், மீட்ட மண்ணில் வெளியூர்க் கவிஞர் ஒருவர் வந்து ஒரு திங்கள் தங்கி எழுத ஓர் அறையேனும் இவ்வட்டத்தின் பெயரால் அமைந்ததா?

பதினோராம் ஆண்டு தொடங்கும் வட்டத்தின் முன் வைக்கத்தக்க வேண்டுகோள் இதுதான். மாளிகை வேண்டா. உறுப்பினர் எவருடைய இல்லத்திலேனும் பூட்டிக்கொள்ளத்தக்க ஓர் அறை; வேளைக்குச் சோறு. பதிலுக்கு வாழ்த்துப்பாவோ, ஆண்டுமலருக்குக் கவிதையோ கேட்டல் ஆகாது. தெலுங்குக் கவிஞர் ஒருவர் வந்தாலும் மறுத்தல் ஆகாது. மலை இருபுறத்தார்க்கும் தெரிகிறது. சாளரம் மலையை நோக்கி அமையுமாயின் நன்று. அமையாவிடினும் குறையில்லை, சுவரில் ஆணி ஒன்று அடித்துவைத்தால் போதும்.