கையெழுத்துப் போடுமுன் கேள்வி கேட்போம்

(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதிலிருந்து)



ஊர்ப் பொது வேலைக்கு நாம் என்றைக்கும் பின்வாங்கியதில்லை. குளக்கரையைச் சுத்தம் பண்ணணும், மரக்கன்று நடணும் என்றால் முதலில் வருவது குழுப் பெண்கள்தான். ஆனால் எந்த வேலை முதலில் என்று முடிவெடுக்கும்போது நம்மைக் கேட்கிறார்களா?

அதற்கான இடம்தான் கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 நாட்கள் கூடுகிறது. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த எண்ணிக்கைக்காக மட்டும் போய்க் கையெழுத்துப் போட்டால் போதுமா?

ஊராட்சியிடம் நாம் கேட்பது மூன்று. கூட்ட நேரத்தையும் பேசப்போகும் விஷயத்தையும் ஒரு வாரம் முன்பே சொல்லுங்க. போன கூட்டத் தீர்மானம் என்னாச்சுன்னு படிச்சுக் காட்டுங்க. வேலை முடிந்ததும் வரவு செலவைப் பலகையில் எழுதி வையுங்க. கணக்கு தெரிந்தால் நம்பிக்கை வரும். கூப்பிடாமலே ஆளும் வரும். நம்ம குழு நடப்பதும் அப்படித்தானே!

நம் பங்குக்கு, அடுத்த குழுக் கூட்டத்திலேயே ஒரு கோரிக்கையை மனுவாக எழுதுவோம். சேர்ந்து போவோம். தீர்மானத்தைப் படித்த பிறகே கையெழுத்துப் போடுவோம்.