இருவர்க்கும் ஒரு சொல்



நண்பர் இருவர் பகைத்தால் வாய்மூடி விலகுவதே நடுநிலை என்பார் பலர். கோவூர் கிழார் அவ்வாறு கருதவில்லை. நலங்கிள்ளி ஆவூரை முற்றியபோது, ஊரார் பசியால் வாடக் கதவடைத்திருந்த நெடுங்கிள்ளியை நாணுமாறு இடித்துரைத்தார் (புறம் 44). உறையூர் முற்றுகையிலோ, எவர் வென்றாலும் இழப்பு சோழர் குடிக்கே என இருவர்க்கும் ஒன்றையே உணர்த்தினார் (புறம் 45).

இந்நெறி இத்தொழில் வட்டாரத்துக்கும் வேண்டுவதே. 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் சங்க உரிமை கோரி வேலைநிறுத்தம் தொடங்கினர். பணிக்குச் சென்றோரும் இருந்தனர். 37 நாட்களுக்குப்பின், அரசின் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையால் அக்டோபர் 15இல் அது முடிவுற்றது. ஆனால், போராடியவரும் பணிக்குச் சென்றவரும் அதன்பின் ஒரே ஆலையில் அருகருகே நின்றாக வேண்டும்.

அத்தகைய இருவர்க்கும் நண்பனாக இருப்பவன் செய்யத்தக்கது யாது? ஒருவன் சினத்தில் சொன்னதை மற்றவனிடம் கொண்டு செல்லாதிருத்தல். எவனிடம் தவறு கண்டாலும் அவன் முகத்துக்கு நேரே கூறுதல். ஒருவனிடம் சொன்னதை மற்றவனிடம் மாற்றிச் சொல்லாமை. இதனால் இருவர் சினமும் அவன்மேல் விழக்கூடும். அதனைப் பொறுத்துக்கொண்டவனிடமே, மீண்டும் கூட விரும்பும் நாளில் அவ்விருவரும் தயக்கமின்றி வருவர்.