மருந்தடிக்கிறவன் ரத்தத்தை யார் சோதிப்பது?

(செங்கல்பட்டில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மரபணு மாற்றுப் பயிரும் உணவுப் பாதுகாப்பும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பில் குறையில்லை. ஆனா 'உணவுப் பாதுகாப்பு'ன்னு சொன்ன உடனே நம்ம கண் முன்னால யார் வர்றாங்கன்னு பாருங்க. சாப்பிடுறவர் வர்றார். வயல்ல நிக்கிற கூலியாள் வர்றதேயில்லை.

2025 மார்ச் கடைசியில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலை ஓரமெல்லாம் தர்பூசணி குவிந்து கிடக்கிற பருவம். பழத்தில் சாயம் ஏற்றுகிறார்கள், துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சென்னையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் பேசியது செல்போன் செல்போனாகப் பரவியது. அவ்வளவுதான், பட்டணம் பழம் வாங்குவதை நிறுத்திவிட்டது. நம்ம செங்கல்பட்டிலிருந்து விழுப்புரம் வரைக்கும் விளைச்சல் விலைபோகாமல் கிடந்தது. விவசாயிகள் சத்தம் போட்ட பிறகு அந்த அதிகாரியை இடம் மாற்றினார்கள். தர்பூசணிச் சிவப்பு லைகோபீன். தக்காளியில் இருப்பதும் அதுதான். அதை நிதானமாகச் சொல்ல ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. அரசு சொல்வதை மக்கள் நம்புவதில்லை, வதந்தியை நம்புகிறார்கள். ஏன் நம்பணும்னும் கேட்கலாம். எத்தனை தடவை ஏமாந்த ஜனங்கள்!

ஆனா எனக்கு உறுத்தினது வேற. இல்லாத சாயத்துக்கு இத்தனை பயம். அந்தக் கொடிக்கு நிஜமாகவே மருந்து அடிச்சாங்களே, அடிச்சவன் என்ன ஆனான்னு ஒருத்தர் கேட்டாரா?

மருந்து! விஷத்துக்கு நாம வச்சிருக்கிற பேரைப் பாருங்க. ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து, டேங்கை முதுகில் கட்டி அடிப்பதும் மருந்து.

என் சித்தப்பா இருபது வருசம் கூலிக்கு மருந்தடிச்சவர். லுங்கியை மடித்துக் கட்டி, மூக்கில் துண்டைச் சுற்றினால் அதுதான் கவசம். டேங்க் ஒழுகி முதுகு நனையும். ஒருநாள் வயல்லயே வாந்தி எடுத்து, வாயில எச்சில் ஒழுக விழுந்தார். தூக்கிக்கொண்டு போனோம். அங்கே கேட்ட முதல் கேள்வி, "குடிச்சியா?" குடிக்கிறவர்தான், அன்னைக்குக் குடிக்கலை. சேரியிலிருந்து வருகிற உடம்பு தள்ளாடினால் அதுக்குக் காரணம் சாராயமாத்தான் இருக்கணும்!

என்ன நடக்குதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன், மாணவர்கள் இருக்கீங்க. மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ் மாதிரியான பாஸ்பரஸ் வகை விஷங்கள் தோல் வழியாகவே உள்ளே போகும். நரம்பு தசைக்குச் சேதி அனுப்பினதும் அந்தச் சேதியை அணைக்க உடம்பில் ஒரு நொதி இருக்கு. பேர் கோலினெஸ்டரேஸ். விஷம் அதை முடக்கிவிடும். சேதி அணையாமல் ஓடிக்கிட்டே இருக்கும். வேர்வை, கண்ணீர், எச்சில் கொட்டும், கண்மணி சுருங்கும், கடைசியில் மூச்சுத் தசையே நின்னுபோகும். தினம் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே போனால் நொதி மெல்ல மெல்லக் குறையும், ஆள் நடமாடிக்கிட்டே இருப்பான். ரத்தத்தைச் சோதித்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

சோதிக்கணும்னு எழுதியும் வச்சிருக்காங்க, தோழர்களே. 1968ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1971ல் வந்த விதிகளில் 37ஆவது விதி: இந்த வகை விஷத்தோடு வேலை செய்கிறவருக்கு மாதம் ஒருமுறை ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவு பார்க்க வேண்டும். நான் போகிற சேரிகளில் எல்லாம் இதைக் கேட்டிருக்கிறேன். மாசம் ஒருமுறை வேண்டாம், ஆயுசில் ஒருமுறை எடுத்தவங்க கையைத் தூக்குங்க என்பேன். ஒரு கை எழும்பினதில்லை. பழத்தில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் விஷம் இருக்கலாம் என்று அளவு வகுத்து அதைச் சோதிக்க ஆய்வகமும் கட்டியிருக்கிறார்கள். தின்கிற வாய்க்குக் காட்டின அக்கறையில் அரைக்கால் பங்கு அடிக்கிற தோளுக்கு இல்லை.

இப்ப மரபணு மாற்றுப் பயிருக்கு வர்றேன். 2002ல் பி.டி. பருத்தியை அனுமதித்தபோது, காய்ப்புழுவுக்கு மருந்தடிக்க வேண்டாம் என்றார்கள். அது உண்மையாக இருந்தால் முதலில் சந்தோசப்பட வேண்டியவன் நம்மாளுதான், அதனால நான் எடுத்த எடுப்பிலேயே எதிர்க்கிறவன் இல்லை. கொஞ்ச காலம் மருந்து குறையவும் செய்தது. அப்புறம் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சைத் தாங்கப் பழகிவிட்டது, சாறு உறிஞ்சும் பூச்சிகள் பெருகின, டேங்க் திரும்ப முதுகில் ஏறியது. 2017ல் மகாராஷ்டிரா யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த 20 பேருக்கு மேல் செத்தார்கள், நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். அதே ஆண்டு நம்ம பெரம்பலூர்ப் பக்கமும் சாவு விழுந்தது. கவச உடை போடலைன்னு செத்தவன் மேலேயே பழி. செங்கல்பட்டு வெயிலில் அந்த உடையை அரைமணி நேரம் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

பி.டி. கத்தரிக்கு 2010ல் ஏழு நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்டு, பிப்ரவரி 9ஆம் தேதி மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் அந்தக் கத்தரியில் பங்குண்டு, ஆனால் ஏழு நகரங்களில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை.

அடுத்தது களைக்கொல்லி தாங்கும் பயிர். கொல்லியை அடித்தால் களை சாகும், பயிர் நிற்கும். உச்சநீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, இது இந்தியாவுக்குப் பொருந்தாது, கிராமத்துப் பிழைப்பைக் கெடுக்கும் என்று 2013லேயே சொன்னது. களை எடுப்பது யார் பிழைப்பு? நம்ம அம்மாக்கள் பிழைப்பு. முதுகு ஒடிகிற வேலைதான், நான் அதுக்காக உருகலை. போகட்டும். ஆனா அந்தக் கூலிக்கு மாற்று என்ன?

இன்னொரு பக்கம் பாரம்பரிய விவசாயம்னு கண்ணீர் விடுகிற நண்பர்கள். விஷம் வேண்டாம் என்பதில் அவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. அந்தப் பொற்காலத்தில் சாணியைச் சுமந்தது யார், களத்துமேட்டில் கடைசிப் படி யாருக்கு அளந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பேசட்டும்.

எந்த விதை, எந்த விஷம் என்று தீர்மானிப்பது நிலம் வைத்திருக்கிறவன். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்து, 1892ல் பஞ்சமி நில ஆணை வந்தது இந்த மாவட்டத்தை வைத்துத்தான். அந்த நிலத்தை மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் காரணையில் திருப்பிக் கேட்டதற்கு, 1994 அக்டோபர் 10 அன்று இதே செங்கல்பட்டில் ஜான் தாமசையும் ஏழுமலையையும் போலீஸ் சுட்டது. சொந்தமாக ஒரு ஏக்கர் இருப்பவன் "இந்த மருந்தை நான் அடிக்கமாட்டேன்" என்று சொல்லலாம். கூலிக்காரன் சொன்னால் மறுநாள் வேறு ஆள் வருவான். மரபணு பற்றிய விவாதத்தில் நிலத்தைப் பேசாதவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

கடைசியா ஒரு வேலை. தகவல் உரிமைச் சட்டத்தில் மூணு கேள்வி போடுங்க. இந்த மாவட்டத்தில் போன வருசம் எத்தனை மருந்தடிக்கிறவங்களுக்கு 37ஆவது விதிப்படி ரத்தம் சோதித்தீர்கள்? எந்தெந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்ரோபின் ஊசி இருப்பில் இருக்கிறது? வயலில் மருந்தடித்து விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை, குடித்துத் தற்கொலைக்கு முயன்றவர்கள் கணக்கிலிருந்து பிரித்து எழுதுகிறீர்களா? மனு மாதிரி வாசல் மேசையில் இருக்கு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டு, உங்க சேரியில் மருந்தடிக்கிறவங்களை உட்கார வச்சுப் பேசிட்டு அப்புறம் அனுப்புங்க.